இன்னொருத்தி பின்னால் வருகிறாள்

போன சனிக்கிழமை ஒரு பொய் சொன்னேன்.

பெரிய பொய் இல்லை. மூன்றே சொல். "இன்னொருத்தங்க பின்னால வர்றாங்க." தனியாக வெளியே போகிற பெண்கள் எல்லோருடைய கைப்பையிலும் இந்தப் பொய் ஒன்று கிடக்கும். சீப்பு, சில்லறை, பொய். ஆட்டோவில் ஏறியதும், சார்ஜ் தீர்ந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, "வந்துட்டே இருக்கேங்க, தெருமுனையில நில்லுங்க" என்று கணவரிடம் பேசியதில்லையா நீங்கள்? நான் பேசியிருக்கிறேன். எனக்குக் கணவரே கிடையாது.

இந்தப் பொய்யால் இதுவரை யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை... போன சனிக்கிழமை வரை.

என் பதிவுகளைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. சேலத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் ஜவுளிப் பாடம் நடத்துகிறேன். மாடி வீடு, வாடகை, ஒற்றை ஆள். லீவு கிடைத்தால் ஸ்கூட்டரின் பின்னால் டென்ட்டைக் கட்டிக்கொண்டு ஏதாவது தண்ணீர்க்கரைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவேன். ஊட்டி, ஏற்காடு எல்லாம் இல்லை. எடப்பாடிப் பக்கம், ஜலகண்டாபுரம் பக்கம், வெண்ணந்தூர்ப் பக்கம். மொட்டை வெயில் அடிக்கிற நம்ம ஊர்ச் சமவெளியில்தான்.

இதை நான் தனியாக ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்தவள் தேன்மொழி. எங்கள் லேபில் இன்ஸ்ட்ரக்டர். என்னைவிட ஒரு வயது பெரியவள், பார்த்தால் ஐந்து வயது சின்னவள் மாதிரி இருப்பாள். அவள் கணவர் போர்வெல் ரிக் வண்டியில் மேனேஜர். திருச்செங்கோட்டு வண்டி. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வருடத்தில் ஒன்பது மாதம் எங்கேயோ பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். மகள் சென்னையில் வேலை. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை ஆனா அந்த ஊடு என்னைத் திங்குது. எங்கியாச்சும் தண்ணி இருக்கற எடமாப் போயி உக்காந்துக்கலாமா?"

அப்படித்தான் ஒரு நீல நிற டென்ட் வாங்கினோம். அப்படித்தான் ஆறு வருடம் ஓடியது.

சமவெளியில் ஒதுக்குப்புறமாக ஒரு தண்ணீர்க்கரை கண்டுபிடிப்பது என்ன லேசான காரியமா? போனில் சாட்டிலைட் மேப்பைத் திறந்து, ரோடு போகாத நீலப் பொட்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். போய்ப் பார்த்தால் பாதி பொட்டில் தண்ணீருக்குப் பதில் சீமைக் கருவேலம் இருக்கும். மீதிப் பாதியில் பாட்டில் சில்லு. இது எங்கள் முதல் பரீட்சை. கரையில் உடைந்த பாட்டில் கிடந்தால் திரும்பிப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிவிட வேண்டும். நம் ஊரில் ஆண்களுக்கும் ஒதுக்குப்புறம் தேவைப்படுகிறது, அதற்கு அவர்கள் எங்களுக்கு முன்பே வந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது பரீட்சை, தறி. இந்தப் பக்கத்தில் எந்த மூலைக்குப் போனாலும் காற்றுவாக்கில் ஒரு விசைத்தறிச் சத்தம் வந்துவிடும். டக்கடக்கடக்க... ராத்திரியும் நிற்காது. டென்ட் அடித்து முடித்ததும் இருவரும் கண்ணை மூடி உட்காருவோம். "தறி கேக்குதா?" என்பாள். "இல்லை" என்று நான் சொல்லிவிட்டால் அந்த இடம் பாஸ்.

ஒரு ஏரிக்கரை எல்லாப் பரீட்சையிலும் பாஸ் ஆனது. விடிகாலை ஐந்து மணிக்குப் பாதி ஊர் சொம்போடு கரைக்கு வந்து சேர்ந்தது. எதற்கு என்று நான் எழுத வேண்டியதில்லை. டென்ட்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் தேன்மொழிக்கு விக்கலே வந்துவிட்டது.

வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு குட்டை இருந்தது. கொக்குகள் மட்டும். அங்கே இருவரும் மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கூட ஒருத்தி இருக்கும்போது பேசாமல் இருப்பது எவ்வளவு சுகம் என்று எனக்கு அப்போது தெரியாது. கூட ஒருத்தி இருந்தாள், அதனால் தெரியவில்லை.

இந்தப் பங்குனியில் அவள் கணவர் ஊருக்கு வந்தார். இடுப்பு வலி. டாக்டர் இனி வண்டியில் போகக்கூடாது என்றுவிட்டார். ரிக்கில் தனக்கிருந்த சின்னப் பங்கை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கிறார். நல்ல மனிதர். அவர் வந்து ஒரு மாதம் கழித்து நான் கூப்பிட்டேன். மகள் வந்திருக்கிறாள் என்றாள். அப்புறம் ஒரு தடவை கூப்பிட்டேன். "இத்தன வருசங்கழிச்சு இப்பத்தான் ஊட்ல இருக்காரு. அவரை உட்டுட்டு எப்படி வாரதுன்னு இருக்குது" என்றாள். அவள் முகத்தில் வருத்தமும் இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷம் இருந்தது. மறைக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

மூன்றாவது தடவை நான் கூப்பிடவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவள்மேல் குற்றம் சொல்ல ஏதாவது இருக்கிறதா? அவளுடைய தனிமை தீர்ந்துவிட்டது. என்னுடையது தீரவில்லை. ஆறு வருடமாக இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தது என் தப்பு.

சரி, போன சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஆடிப்பெருக்குக் கூட்டமெல்லாம் வடிந்து, காவிரிக்கரை காலியாக இருக்கும் நேரம். எடப்பாடி தாண்டி, கரும்பு வயல்களுக்கு நடுவே ஒரு வண்டித்தடம். அது முடிகிற இடத்தில் ஆறு. ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு புல்வெளி, கல்யாண மண்டபத்து மேடை அளவு இருக்கும். ஓரத்தில் ஒரு புங்க மரம். பாட்டில் சில்லு இல்லை. பக்கத்தில் வீடு கிடையாது. மேப்பில் பார்த்து வைத்திருந்த இடம்தான், ஆனால் மேப் காட்டிய வழியில் நான் வரவில்லை. அது பஸ் ரோட்டிலிருந்து ஆற்றோரமாகவே வந்து, ஓர் ஓடையைக் கடந்து வருகிற ஒற்றையடித் தடம். ஸ்கூட்டர் போகாது.

ஸ்கூட்டரை நிறுத்தியபோது நான்கு எருமைகளும் ஒரு பெண்ணும் என்னைப் பார்த்தபடி நின்றார்கள். நாற்பது வயது இருக்கும். நைட்டிமேல் கணவருடைய பழைய சட்டை, கையில் குச்சி.

இங்கே ஒரு ராத்திரி தங்க ஆசை, நிலம் யாருடையது, யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்தேன். அனுமதி கேட்காமல் நாங்கள்... நான் எங்கேயும் தங்குவதில்லை.

"எங்குளுதுதானுங்க. தாராளமாத் தங்கிக்கங்க" என்றாள். அப்புறம் என் வண்டியை, வண்டிக்குப் பின்னால் தடத்தை, அதற்கும் பின்னால் கரும்பை எல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"தனியாவா வந்திருக்கறீங்க?"

சாதாரணக் கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்கு என் வாய் யோசிக்காமலே பதில் சொல்லப் பழகிவிட்டது. இன்னொருத்தங்க பின்னால வர்றாங்க.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "ரெண்டு பேருங்களா? அது நல்லதுங்க்கா" என்றாள். யார் வருகிறார்கள், என்ன பெயர், எப்படி வருகிறார்கள் என்று கேட்டாள். என் சிநேகிதி, தேன்மொழி, பஸ்ஸில் வந்து இறங்கி மேப் பார்த்து நடந்து வந்துவிடுவாள் என்று சொன்னேன். பொய்க்குக் கை கால் எல்லாம் தானாகவே முளைத்துவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

அவள் பெயர் சரசு. வீடு கரும்புக்கு அந்தப் பக்கம், மேட்டில். கணவர் லாரி டிரைவர், இப்போது குஜராத் டிரிப்பில் இருக்கிறார். வீட்டில் மாமியார் மட்டும், அவருக்குக் காது மந்தம். இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டாள். பேச்சு அப்படியே கொட்டியது. "எருமைகிட்ட எத்தனைன்னு பேசறதுங்க?" என்றாள்.

அவள் எருமைகளை ஓட்டிக்கொண்டு நகர்ந்த பிறகு டென்ட் அடித்தேன். ஒருவர் கம்பியை வளைக்க, ஒருவர் மறுமுனையைப் பிடிக்க என்று செய்த டென்ட் அது. ஒற்றை ஆளாக அடிப்பதற்குள் இரண்டு தடவை சரிந்தது. மூன்றாவது தடவை ஒரு முனைமேல் என் பையைத் தூக்கி வைத்து ஒப்பேற்றினேன். பிறகு ஆற்றோரம் ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டேன். பாதத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. கண்ணை மூடினேன்.

தறிச் சத்தம் இல்லை. லாரி ஹாரன் இல்லை. மைக் செட் இல்லை. ஆறு வருடத்தில் இப்படி ஓர் அமைதியான இடம் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. அதை யாரிடம் சொல்வது?

போனை எடுத்துப் பார்த்தேன். டவரும் இல்லை.

ஐந்து மணி வாக்கில் சரசு எருமைகளோடு வீட்டுக்குத் திரும்பும்போது, தோழி வந்துவிட்டார்களா என்று கேட்டாள். பஸ் லேட் என்றேன். ராத்திரிக்கு எதுவும் செய்துகொள்ள வேண்டாம், அரிசியும் பருப்பும் ஆக்கி இரண்டு பேருக்கும் கொண்டு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். காதில் வாங்காமல் போய்விட்டாள். இரண்டு பேருக்கு! அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சோற்றோடு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு பொய்யைத் திருப்பி எடுத்துக்கொள்ள நல்ல நேரம் என்று ஒன்று வரவே வராது. இப்போது தெரிகிறது.

மேட்டூர் அணைக்கு நீர்வரத்து கூடிக்கொண்டிருப்பதாகக் காலையில் பேப்பரில் படித்திருந்தேன். படித்துவிட்டு, தினமும் போடுகிற செய்திதானே என்று பக்கத்தைத் திருப்பியவள்தான் நான். வானத்தில் ஒரு மேகம் இல்லை. கர்நாடகத்தில் பெய்கிற மழைக்கு எடப்பாடியில் ஏன் பயப்பட வேண்டும்?

பொழுது சாய்ந்து, அக்கரை மங்கலாகத் தொடங்கியபோது தூரத்தில் ஒரு மைக் சத்தம் வந்து போயிற்று. வார்த்தை புரியவில்லை. கோயில் விசேஷம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கரும்பு வயலோரமாக டார்ச் வெளிச்சம் குதித்துக் குதித்து வந்தது. சரசுதான். மூச்சு வாங்கியது.

"எந்திரிங்க்கா. அணையில தண்ணி ரொம்பத் தெறந்துட்டாங்களாம். மைக் கட்டிச் சொல்லிட்டுப் போறாங்க. இந்த எடம் தாங்காதுங்க."

பேசிக்கொண்டே முளைகளைப் பிடுங்கினாள். டென்ட் சரிந்து விழுந்தது. அவள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"அந்த அக்கா இன்னும் வரலீங்களா? மேப்புல ஓடைத் தடந்தான காட்டும்? நீங்க வண்டிய எடுத்துக்கிட்டு மேல ஊட்டுக்குப் போங்க. நாம்போயி கூட்டியாரேன். புதுசா வர்றவங்க, இருட்டுல தெரியாமக் கால வெச்சுருவாங்க."

சொல்லி முடிக்கும்போதே நடக்கத் தொடங்கிவிட்டாள்.

அந்த நிமிடமே நான் கத்தி அவளை நிறுத்தினேன் என்று எழுத ஆசை. நிறுத்தவில்லை. போய்ப் பார்ப்பாள், யாரும் இருக்கமாட்டார்கள், திரும்பி வந்துவிடுவாள்... இப்போது எதற்கு அசிங்கப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆமாம், அப்படித்தான் தோன்றியது. குனிந்து டென்ட்டைச் சுருட்டினேன். கயிற்றைக்கூட ஒழுங்காகச் சுற்றினேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கலாம்.

செருப்பை எடுக்க ஆற்றோரம் போனேன். செருப்பு இல்லை. அதை வைத்திருந்த பாறையும் இல்லை. மதியம் நான் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த பாறைக்கு மேலே தண்ணீர் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஓடினேன்.

வெறும் காலோடு, போன் வெளிச்சத்தில், முள்ளும் கல்லும் பார்க்காமல் ஓடினேன். ஐம்பத்து மூன்று வயதில் நான் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. ஓடைக்கு முந்தின வளைவிலேயே அவள் குரல் கேட்டது.

"தேனுக்கா... அந்தப்பக்கமே நில்லுங்க... எறங்காதீங்க..."

சாதாரண நாளில் கணுக்கால் நனையாத ஓடை அது. ஆற்றுத் தண்ணீர் எதிர்த்து ஏறி வந்து அதை நிரப்பிக்கொண்டிருந்தது. அதன் நடுவில், தொடை அளவுத் தண்ணீரில், ஒரு கையால் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் டார்ச்சை அக்கரைப் புதர்கள்மேல் அடித்தபடி சரசு நின்றிருந்தாள். என் சிநேகிதியை ஒரு தடவைகூடப் பார்த்திராத பெண், அவளுக்கு ஒரு செல்லப் பெயர் வைத்து, இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரை அவ்வளவு அக்கறையாக நானே கூப்பிட்டதில்லை.

வந்துவிடச் சொல்லிக் கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கிளையை விட்டுவிட்டு அக்கரைப் பக்கம் இன்னோர் அடி வைத்தாள்.

நானும் இறங்கினேன். மணல் காலுக்குக் கீழே நழுவியது. எட்டி அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரும் வரலீங்க, சரசு. நான் பொய் சொன்னேன். தனியாத்தான் வந்தேன்."

அவள் திரும்பினாள். திரும்பிய வேகத்தில் கால் வழுக்கி இடுப்புவரை போய்விட்டாள். டார்ச் விழுந்து, தண்ணீருக்குள் ஒரு கணம் பச்சையாக எரிந்து அணைந்தது. நான் சட்டையை விடவில்லை. கிளை என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. ஒருத்தியை ஒருத்தி இழுத்து, மண்ணைப் பற்றி, நாலு காலில் தவழ்ந்து கரைக்கு வந்து விழுந்தோம்.

அப்புறம் அவள் கேட்டாள்.

"அப்ப அந்த அக்கா?"

"சேலத்துல அவ வீட்ல இருக்கா."

"எங்கிட்ட எதுக்குங்க பொய்?"

"பயந்தான். தனியா இருக்கேன்னு சொல்லப் பயம்."

அவள் நனைந்த சட்டையைப் பிழிந்தாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"நானும் தனியாத்தானுங்க நின்னுட்டிருந்தேன்."

 

அவள் எழுந்து வீட்டுப் பக்கம் முன்னால் நடந்தாள். ஈரத் துணியோடு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். சிமென்ட் ஷீட் போட்ட வீடு. கூடத்தில் மாமியார் நான்கு தட்டுகள் எடுத்து வைத்திருந்தார். மூடி வைத்த குண்டாவிலிருந்து அரிசிம்பருப்புச் சோற்றின் வாசம். மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னொருத்தி எங்க சாமி?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சரசு அவர் காதருகே குனிந்து உரக்கச் சொன்னாள்: "அவங்களுக்கு பஸ்ஸு கெடைக்கலையாம் அத்தை. திரும்பிப் போயிட்டாங்களாம்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் உள்ளே போய், எனக்கு உடுத்த ஒரு புடவை எடுத்து வந்தாள். ஒரு தட்டை எடுத்துத் திரும்பவும் அலமாரியில் வைத்தாள். இவ்வளவு கோபத்திலும் என் மானத்தைக் காப்பாற்ற அவளுக்கு ஒரு பொய் இருந்தது. மாமியார், "நல்லாச் சாப்புடு சாமி" என்று நெய் ஊற்றினார்.

காலையில் மேட்டிலிருந்து பார்த்தோம். புல்வெளி இருந்த இடத்தில் ஆறு. புங்க மரம் பாதிக்குமேல் தண்ணீரில் நின்றது. கலங்கலாக, அவசரமே இல்லாமல், அவ்வளவு அகலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது காவிரி. கரும்பின் முதல் நான்கு வரிசையும் போயிருந்தது. அது சரசு வீட்டுக் கரும்பு.

"ராத்திரி தூக்கமே வரலீங்க்கா" என்றாள். முந்தின இரவுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. "அந்த அக்கா நெசமாலுமே வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுட்டே படுத்திருந்தேன்."

நான் தூங்காததற்குக் காரணம் வேறு. அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்றுதான் நான் விடிய விடிய நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நேற்று கயிறு சுற்றிக்கொண்டு நின்ற அந்த ஐந்து நிமிடத்தையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொன்னேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு, "அவங்க ஏனுங்க வரலை?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ரிக் வண்டி, இடுப்பு வலி, இரண்டு தடவை கூப்பிட்டது, மூன்றாவது தடவை கூப்பிடாதது. யாரிடமும் சொல்லியிராததைச் சாணம் மிதித்த காலோடு நின்ற ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். பரிகாசம் இல்லை.

"நானும் அப்படித்தானுங்க. எங்கூட்டுக்காரரு இருவது நாளைக்கு ஒருக்கா வந்து ரெண்டு நாளு இருப்பாரு. அந்த ரெண்டு நாளும் எங்கண்ணுக்கு எருமைகூடத் தெரியாது. அந்த அக்காவுக்கு இப்பத்தான மொத ரெண்டு நாளு நடக்குது."

பங்குனியிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்த ஒரு கல் கொஞ்சம் நகர்ந்தது. போய்விடவில்லை. நகர்ந்தது.

கிளம்பும்போது சரசுவின் போன் நம்பரைக் கேட்டேன். "எதுக்குங்க? வந்தீங்கன்னா நான் இங்கதான இருப்பேன்" என்றாள். கோபம் மிச்சம் இருந்ததா, இல்லை, அது வெறும் தகவலா என்று எனக்குத் தெரியவில்லை. வாசல் வரை வந்து, வண்டி திரும்புகிற வரைக்கும் நின்றாள்.

எடப்பாடி வரை மெதுவாகத்தான் ஓட்டினேன். ஆறு வருடமாக ஒதுக்குப்புறமான இடம் தேடி அலைந்திருக்கிறோம். மேப்பில் வீடு தெரியாத இடம், ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்று. அப்படி ஓர் இடமே கிடையாது, தெரியுமா? நமக்கு ஒதுக்குப்புறம் என்று தெரிவது எவரோ ஒருவருடைய வாசல். நாம் அமைதி என்று ஒரு ராத்திரிக்குத் தேடிப் போவதில் அவர் வருடம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், பேச யாராவது வருவார்களா என்று தடத்தைப் பார்த்தபடி.

ஞாயிறு சாயங்காலம் வீட்டிலிருந்து தேன்மொழிக்கு போன் செய்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. "எம்பேரச் சொல்லி ஒரு பொம்பளைய ஆத்துல எறக்கிட்டியாடி" என்று திட்டினாள். நன்றாகத் திட்டினாள். அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேனோ என்னவோ. அப்புறம் குரல் தழைந்தது. காலில் முள் குத்தியதா, மருந்து போட்டாயா என்றாள். அந்தப் பெண் 'தேனுக்கா' என்று கூப்பிட்டதைத் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம், போனைக் காதில் வைத்தபடியே.

"அடுத்த தடவ சொல்லு. நானும் வாரேன்" என்றாள்.

சரி என்றேன். வரமாட்டாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்தப் பக்கம் அவள் கணவர் கூப்பிடுவது கேட்டது. சோறு ஆறுகிறது என்று சொன்னார். அவள் போகவும் முடியாமல், போனை வைக்கவும் முடியாமல் தடுமாறுவது எனக்குத் தெரிந்தது.

"அடுப்புல பால் வெச்சிருக்கேன், பொங்குது. நான் வெக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றைக்கு நான் பாலே வாங்கவில்லை.